தையல் போடாத விழித்திரை ஆபரேஷன்: துளை எப்படித் தானாக மூடிக்கொள்கிறது?

"தையலே போடலைங்கிறாங்களே, அப்போ ஓட்டை திறந்தேதானே இருக்கும்?" விழித்திரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண்கட்டைப் பிரிக்கும்போது நோயாளியின் வீட்டார் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. வெண்விழியில் மூன்று இடத்தில் குத்தி, உள்ளே கருவி விட்டு, ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, ஊசி நூலைத் தொடாமலே வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கும் கலக்கம் வரத்தான் செய்யும். துளை சின்னது, அதனால் மூடிக்கொள்ளும் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில். எந்தக் கோணத்தில் குத்தினார்கள், எப்படிக் குழாயை எடுத்தார்கள், கடைசியில் எத்தனை நொடி பொறுமையாகப் பார்த்தார்கள் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அதை விவரமாகச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில் ஆபரேஷன் என்னவென்று பார்த்துவிடலாம். கண்ணுக்குள் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவே சுமார் 4 மி.லி. விட்ரியஸ் கூழ் இருக்கிறது. கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்தான். அதில் ஓடும் கொலாஜன் இழைகள் அதற்கு முட்டை வெள்ளைக்கரு போன்ற பிடிப்பைத் தருகின்றன. சர்க்கரை நோயால் அந்தக் கூழில் ரத்தம் கசிந்தாலோ, விழித்திரை கிழிந்து பிரிந்தாலோ, விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வையைத் தரும் மாக்குலாவில் துளை விழுந்தாலோ, அதன்மேல் சவ்வு படர்ந்து சுருக்கினாலோ, கூழை வெட்டி எடுத்துவிட்டுத்தான் விழித்திரையைத் தொட முடியும். இதற்குப் பெயர் விட்ரெக்டமி. உள்ளே போக வழி ஒன்றுதான்: கருவிழியின் ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. பின்னால் இருக்கும் பார்ஸ் பிளானா என்ற பட்டை. அதற்கு முன்னால் குத்தினால் லென்ஸில் படும் அல்லது ரத்தம் கொட்டும். பின்னால் குத்தினால் விழித்திரையே கிழியும்.

இந்த வழியில் மூடிய கண்ணுக்குள் முதன்முதலில் போனவர் ராபர்ட் மாக்கமர். 1970-இல், அமெரிக்காவின் மயாமியில். அவருடைய கருவி 17 கேஜ், அதாவது 1.5 மி.மீ. தடிமன். தண்ணீர் விடுவது, உறிஞ்சுவது, வெட்டுவது மூன்றும் ஒரே குழலில் இருந்ததால் துளை 2 மி.மீ.க்கும் மேல் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் ஓமாலியும் ஹைன்ஸும் அந்த வேலைகளைப் பிரித்தார்கள்: தண்ணீருக்கு ஒரு துளை, விளக்குக்கு ஒன்று, கூழை வெட்டும் கட்டருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 20 கேஜ், 0.9 மி.மீ. அடுத்த கால் நூற்றாண்டு உலகம் முழுக்க அதுதான் முறை. கேஜ் எண் ஏற ஏறக் கருவி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள்: 23 என்றால் சுமார் 0.6 மி.மீ., 25 என்றால் 0.5, 27 என்றால் 0.4.

20 கேஜில் கன்ஜங்டைவா எனும் மேல்சவ்வை வெட்டிச் சுருட்டி ஒதுக்கி, வெண்விழியை வெறுமையாக்கி, செங்குத்தாகக் குத்த வேண்டும். முடிவில் மூன்று துளைக்கும் தையல், பிறகு சவ்வுக்கும் தையல். மூன்று வாரம் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல். தையல் இழுப்பதால் கருவிழியின் வளைவு மாறி, பல வாரங்களுக்குப் பார்வையில் சாய்வுப் பிழை. அதைவிட முக்கியமான இன்னொரு நஷ்டம் உண்டு: வெட்டித் தைத்த மேல்சவ்வு வடுவாகிப் போனால், பின்னாளில் அந்த நோயாளிக்குக் கண் அழுத்த நோய் வந்து அதற்கு ஆபரேஷன் தேவைப்படும்போது, வேலை செய்ய நல்ல சவ்வு மிச்சம் இருக்காது.

தையலைத் தவிர்க்கும் முயற்சி 20 கேஜிலேயே தொடங்கிவிட்டது. 1996-இல் சென் என்பவர் வெண்விழிக்குள் சுரங்கம் போலச் சாய்வாக வெட்டினால் அது தானே மூடிக்கொள்ளும் என்று காட்டினார். 2002-இல் ஃபூஜி, டி ஹுவான், ஹுமாயூன் குழு மேல்சவ்வை வெட்டாமலே அதன் வழியாக நேரே குத்திப் போகும் 25 கேஜ் முறையை வெளியிட்டது. 2005-இல் ஜெர்மனியின் எக்கார்ட் 23 கேஜைக் கொண்டுவந்தார். 2010-இல் ஜப்பானின் ஓஷிமா 27 கேஜை.

குத்தும் அந்த ஐந்து நொடி

இதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போட்டாயிற்று. 5 சதவீத போவிடோன் அயோடின் கண்ணுக்குள் விட்டு மூன்று நிமிடமாவது காத்திருந்தாயிற்று. (இந்த மூன்று நிமிடத்தை அவசரத்தில் முப்பது நொடியாக்கிவிடக் கூடாது. அயோடின் கிருமியைக் கொல்ல நேரம் எடுக்கும்.) ட்ரோகார் என்பது கூர்முனை கொண்ட ஊசி, அதன்மேல் கேனுலா என்ற மெல்லிய உலோகக் குழாய் உறைபோல் மாட்டியிருக்கும், வெளிமுனையில் வண்ணத் தலையோடு. ட்ரோகாரின் பின்பக்கத்திலேயே 3.5, 4 என்று அளவு பொறித்திருக்கும். இயற்கை லென்ஸ் இருக்கிற கண்ணுக்கு 4, புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த கண்ணுக்கு 3.5. அந்த அளவை வெண்விழியில் அழுத்தித் தடம் பதிக்க வேண்டும்.

அடுத்து, மேல்சவ்வைப் பஞ்சுக்குச்சியாலோ இடுக்கியாலோ ஒன்றிரண்டு மி.மீ. பக்கவாட்டில் நகர்த்திப் பிடிக்க வேண்டும். கடைசியில் கேனுலாவை எடுத்ததும் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அப்போது சவ்வில் உள்ள துளையும் வெண்விழியில் உள்ள துளையும் நேர்கோட்டில் இருக்காது. வெளியிலிருந்து கிருமி நேரே உள்ளே போக வழி இல்லை. ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு இது.

பிறகு குத்து. ட்ரோகாரை வெண்விழியின் பரப்புக்கு 30 பாகையில் அல்லது அதற்கும் குறைவாகச் சாய்த்து, கருவிழி ஓரத்துக்கு இணையாகத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் வெண்விழியின் நார்கள் பெரும்பாலும் கருவிழி ஓரத்துக்கு இணையாகவே ஓடுகின்றன. அதே திசையில் போனால் நார் அறுபடாமல் விலகி வழிவிடும். அரை மி.மீ.யும் சற்று மேலும் உள்ள தடிமனுக்குள் கொஞ்சதூரம் இப்படிப் போன பிறகு, கைப்பிடியை நிமிர்த்தி, கண்ணின் மையத்தை நோக்கி உள்ளே செலுத்த வேண்டும். 30 பாகையில் ஒரே கோடாகப் போனால் பாதையின் நீளம் செங்குத்துக் குத்தைவிட இரண்டு மடங்காகும். இந்த நீளம்தான் துளை மூடிக்கொள்வதன் ரகசியம். கேனுலா வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் கண் அழுத்தம் சுரங்கத்தின் கீழ்ச்சுவரை மேல்சுவரோடு அழுத்துகிறது. இரண்டு உதடும் ஒட்டிக்கொள்கின்றன. செங்குத்துத் துளைக்கு அப்படி ஒட்ட உதடே கிடையாது. அழுத்தம் அதை இன்னும் திறக்கத்தான் பார்க்கும்.

ஆகவே, கண்ணில் போதிய அழுத்தம் இருக்கும்போதுதான் துளை மூடும். கண் தளர்ந்து போனால் உதடுகள் விலகும், இன்னும் கசியும், இன்னும் தளரும். இந்தச் சுழலில் சிக்கிய கண்தான் மறுநாள் காலையில் அழுத்தம் 5 மி.மீ. பாதரசத்துக்கும் கீழே போய் நிற்கும்.

முதல் கேனுலா தண்ணீருக்கு, கீழ்ப்புற வெளிமூலையில். மற்ற இரண்டும் மேலே, கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் இடங்களில். மூன்று மணி, ஒன்பது மணி இடங்களை ஒதுக்கிவிட வேண்டும்; பெரிய நரம்பும் தமனியும் அங்கே ஓடுகின்றன. தண்ணீர்க் குழாயை மாட்டியதும் திறந்துவிடக் கூடாது. கேனுலாவின் உள்முனை கண் பாப்பா வழியாகப் பளிச்சென்று உலோகமாகத் தெரிகிறதா என்று விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். பழுப்பாக மங்கித் தெரிந்தால் முனை இன்னும் கோராய்டு படலத்தின் (வெண்விழிக்கும் விழித்திரைக்கும் நடுவே உள்ள ரத்தக்குழாய்ப் படலம்) அடியில் மாட்டியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தண்ணீரைத் திறந்தால் அது விட்ரியஸுக்குள் போகாமல் படலத்துக்குக் கீழே பாய்ந்து, அதைக் கண்ணின் நடுவரை பலூன்போல் தூக்கிவிடும். சாய்வுக் குத்தில் இந்த ஆபத்து நேர்க்குத்தைவிடக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் கேனுலாவின் நீளத்தில் ஒரு பகுதி சுரங்கத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. ஏற்கனவே கோராய்டு வீங்கிய கண்களுக்கு வழக்கமான 4 மி.மீ. கேனுலாவுக்குப் பதில் 6 மி.மீ. நீளமுள்ளதை எடுப்பது இதனால்தான். நடுவில் கண்ணை உருட்டும்போதும் தண்ணீர்க் கேனுலா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவும். அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கும் உதவியாளர் பொன்னுக்குச் சமம்.

மெலிவதற்குக் கொடுக்கும் விலை

குழாய் மெலிந்தால் எல்லாம் நல்லதே என்று நினைக்கத் தோன்றும். இயற்பியல் அப்படிச் சலுகை தருவதில்லை. குழாயின் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் அதன் வழியே ஓடும் திரவம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். 25 கேஜ் வந்த புதிதில் பலரும் சலித்துப் போனது இதனால்தான். கூழ் மெதுவாகத்தான் வந்தது. கருவி வளைந்தது. கண்ணின் ஓரத்தைப் பார்க்கக் கருவியாலேயே கண்ணை உருட்டுவது பழைய பழக்கம். மெல்லிய கருவியில் அப்படிச் செய்தால் கண் திரும்பாமல் கருவிதான் வில்லாகும். விளக்கின் நாரும் மெலிந்ததால் உள்ளே வெளிச்சமும் போதவில்லை.

இவற்றுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வழி வந்தது. செனான் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பித் தந்தது. கருவியின் அடிப்பகுதியில் கெட்டியான உறை போட்டு வளைவைக் குறைத்தார்கள். பெரிய மாற்றம் கட்டரில்தான். கட்டர் என்பது குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு வாய். உள்ளே ஒரு கத்தி முன்னும் பின்னும் ஓடி, வாய்க்குள் உறிஞ்சப்பட்ட கூழை நறுக்கும். வாய் திறந்து மூடும் அந்த நொடித்துளி நேரம் கூழ் இழுபடுகிறது. கூழ் விழித்திரையோடு ஒட்டியிருப்பதால் விழித்திரையும் இழுபடுகிறது. நிமிடத்துக்குச் சில நூறு வெட்டு என்றிருந்த காலத்தில் ஒவ்வொரு கடியும் பெரிது, இழுப்பும் பெரிது. 25 கேஜ் வந்தபோது 1,500, பிறகு 5,000, பிறகு 7,500, 10,000. கத்தியிலேயே இன்னொரு வாய் வைத்து, போகும்போதும் வரும்போதும் வெட்டும்படி செய்த கட்டர்கள் இன்று நிமிடத்துக்கு 20,000 வெட்டு வரை போகின்றன. அதில் வாய் ஏறக்குறைய எப்போதும் திறந்தே இருப்பதால் உறிஞ்சலும் தடைபடாது. துண்டு சிறிதாகச் சிறிதாக மெல்லிய குழாயில் அடைக்காமல் ஓடும். பிரிந்து ஆடிக்கொண்டிருக்கும் விழித்திரைக்கு அருகில் வேலை செய்யும்போது இதன் அருமை புரியும்: பழைய கட்டர் அந்தத் திரையையே வாய்க்குள் இழுத்துக் கடித்துவிடும், புதியதில் திரை அசையாமல் இருக்க, அதன் மேலிருக்கும் கூழ் மட்டும் கரைந்து போகும்.

என் மதிப்பில், சின்னத் துளையால் அதிகம் பிழைத்தவர்கள் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு விழித்திரையின்மேல் ரத்தக்குழாயும் நாரும் கலந்த சவ்வு படர்ந்து ஆணி அடித்ததுபோல் பிடித்திருக்கும். முன்பு அதைப் பிரிக்கக் கத்தரி, கொக்கி, இடுக்கி என்று மாற்றி மாற்றி உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு முறை கருவி மாறும்போதும் துளையோரம் கிழியும் வாய்ப்பு. 25, 27 கேஜ் கட்டர் மெல்லியது, அதன் வாயும் நுனிக்கு மிக அருகில் இருக்கிறது. சவ்வுக்கும் விழித்திரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் அதையே நுழைத்து, கத்தரியாகவும் கரண்டியாகவும் பயன்படுத்தி நறுக்கிக்கொண்டே போகலாம்.

இந்த நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்கு மூன்று முதல் ஐந்து நாள் முன்பு பெவாசிஸுமாப் ஊசியை, வழக்கமாக 1.25 மி.கி., கண்ணுக்குள் போடுவதுண்டு. புதிய ரத்தக்குழாய்கள் வற்றி, உள்ளே ரத்தக்கசிவு குறையும். ஆனால் குழாய் வற்றும்போது நார் இறுகும். ஊசி போட்ட பிறகு, "சர்க்கரை 350 இருக்கு, டாக்டர் ஃபிட்னஸ் தரலை" என்று ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனால், இறுகிய நார் விழித்திரையைப் பிய்த்துத் தூக்கிவிடலாம். முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றுக்கும் சரி என்று எழுத்தில் வாங்குங்கள்; அதன் பிறகே ஊசி. இந்த வரிசை மாறவே கூடாது.

மாக்குலா துளைக்கு 25 அல்லது 27 கேஜ் கச்சிதம். அங்கே கூழை எடுப்பது சின்ன வேலை. ஒருசில மைக்ரான் தடிமனுள்ள உள்ளெல்லைப் படலத்தை நீலச்சாயம் ஏற்றி, இடுக்கியால் உரிப்பதுதான் நுட்பம். விழித்திரையைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் சிலிகான் ஆயில் வைக்கும் சிக்கலான ஆபரேஷன்களுக்கு 23 அல்லது 25 வசதி. 1,000 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பின் அளவு) ஆயிலே மெல்லிய குழாயில் மெதுவாகத்தான் போகும். 5,000 என்றால் 27 கேஜில் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு துளை 27, ஆயிலுக்கு மட்டும் ஒன்று 23 என்று கலந்து செய்வதும் உண்டு. "உங்க ஆஸ்பத்திரியில எத்தனை கேஜ்?" என்று எண்ணை வைத்தே டாக்டரை எடைபோடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது வேண்டாம். எந்தக் கண்ணுக்கு எது என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

புதிய கேனுலாக்களில் ரப்பர்போன்ற வால்வு இருக்கிறது. கருவியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்வதால் தண்ணீர் பீய்ச்சி அடிக்காது. ஓட்டத்தோடு விழித்திரை துளையில் வந்து சிக்கவும் செய்யாது. பெரிய முன்னேற்றம். அதிலேயே ஒரு பொறியும் உண்டு. வால்வு இருக்கும்போது உள்ளே காற்றோ, கனத் திரவமோ, ஆயிலோ செலுத்தினால், உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். ஏறிய அழுத்தத்தில் பார்வை நரம்பில் உள்ள தமனியின் ஓட்டம் நின்றுபோகலாம். ஆகவே செலுத்தும்போது இன்னொரு கேனுலாவின் வால்வில் சின்னப் புகைபோக்கிக் குழல் ஒன்றைச் செருகி வெளியேற்ற வழிவிட வேண்டும். நரம்பின் நிறம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே செலுத்துவது நல்ல பழக்கம்.

எடுக்கும் அந்த ஒரு நிமிடம்

மூன்று கேனுலாவும் வெளியே வரும் நேரம்தான் தையல் வேண்டுமா வேண்டாமா என்பது முடிவாகும் நேரம். தண்ணீரின் அழுத்தத்தை வேலை நடக்கும்போது இருந்த அளவிலிருந்து 20 மி.மீ. பாதரசத்துக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். மேலே உள்ள கேனுலாவுக்குள் விளக்குக் குச்சியை விட்டு, அதன்மீது உருவிக்கொண்டே, குத்திய அதே சாய்வில் கேனுலாவை எடுத்து, பிறகு குச்சியை எடுக்க வேண்டும். வெறுமனே கேனுலாவைப் பிடுங்கினால் உள்ளே மிச்சமிருக்கும் கூழ் இழை திரிபோலத் துளையில் வந்து மாட்டும். அந்தத் திரி வெளியிலிருக்கும் கிருமியை உள்ளே இழுக்கும் வழி. உள்ளே விழித்திரையைக் கிழிக்கும் கயிறும் அதுதான்.

எடுத்ததும் பஞ்சுக்குச்சியால் துளையின் மேலுதட்டைச் சாய்வின் போக்கிலேயே அழுத்தி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தடவிப் பிடிக்க வேண்டும். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மேல்சவ்வு தட்டையாகவே இருந்தால் மூடிவிட்டது. சவ்வுக்கடியில் தண்ணீர்க் கொப்புளம்போல மெல்ல உப்பிக்கொண்டே வந்தால் கசிகிறது. காற்று நிரப்பிய கண் என்றால் சிறுசிறு குமிழி முத்துக்கோத்ததுபோல் வரும். உள்ளே தண்ணீருக்குப் பதில் பகுதியாவது காற்று இருந்தால் துளை நன்றாக மூடும். காற்றின் பரப்பிழுவிசை துளையின் உள்வாயை அடைத்துக்கொள்கிறது. விழித்திரையைத் தாங்கிப் பிடிக்கக் கேஸ் (வாயு) தேவைப்படாத ஆபரேஷனிலும் முடிவில் கொஞ்சம் காற்று விடுவது இதற்காகத்தான்.

இரண்டாம் முறை அழுத்தியும் உப்பினால் தையல் போட்டுவிட வேண்டும். 8-0 பாலிகிளாக்டின், மேல்சவ்வு வழியாகவே ஒரே ஒரு சுற்று. சில வாரத்தில் தானே கரைந்துவிடும். இரண்டு நிமிட வேலை. "தையலில்லா ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டோமே என்பதற்காக இதைத் தவிர்ப்பது பெரும் தவறு. எந்தக் கண்ணில் கசியும் என்பது முன்கூட்டியே ஓரளவு தெரியும்: அதிக மைனஸ் பவர் உள்ள கண், ஏனென்றால் வெண்விழி மெலிந்திருக்கும், குழந்தைகள், இளைஞர்கள், ஏனென்றால் வெண்விழி ரப்பர்போல் நெகிழ்ந்து உதடு ஒட்டாது, ஏற்கனவே அதே இடத்தில் ஆபரேஷன் நடந்த கண், நீண்டநேரம் கருவி உழன்று வாய் அகன்ற துளை, ஓரக் கூழை முழுதாக மழித்த கண். சிலிகான் ஆயில் வைத்த கண்ணிலும் நான் தையல் பக்கமே நிற்பேன். தண்ணீர் கசிந்தால் உடல் உறிஞ்சிக்கொள்ளும். சவ்வுக்கடியில் கசிந்த ஆயில் துளித்துளியாக அங்கேயே தங்கி உறுத்திக்கொண்டிருக்கும்.

கசிவை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், தொடக்க காலத்தில் இதற்கு விலை கொடுத்திருக்கிறோம். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கண்ணுக்குள் சீழ்ப்பிடிக்கும் எண்டாஃப்தால்மைட்டிஸ் 20 கேஜில் 0.018 சதவீதம் பேருக்கு வந்திருக்க, 25 கேஜில் 0.23 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். செங்குத்துக் குத்தும், கசிந்து தளர்ந்த கண்ணும் அதற்கு முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன: அழுத்தம் குறைந்த கண், இமை சிமிட்டும்போதெல்லாம் வெளியிலிருக்கும் கண்ணீரை உள்ளே உறிஞ்சும். சாய்வுக் குத்தும், சவ்வை நகர்த்துவதும், அயோடினும், கடைசி நிமிடச் சோதனையும் கட்டாயமான பிறகு வந்த பெரிய தொகுப்புகளில் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. கருவி மாறவில்லை, கைப்பழக்கம் மாறியது.

மேசையைச் சுற்றி வேறு புதுமைகளும் வந்துள்ளன: மைக்ராஸ்கோப்பில் குனியாமல் பெரிய திரையில் முப்பரிமாணமாகப் பார்த்துச் செய்வது, ஆபரேஷன் நடக்கும்போதே விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி படம் எடுப்பது. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்லாரன் குழு ரோபோவின் துணையோடு கண்ணுக்குள் சவ்வை உரித்தது. கை நடுக்கத்தை வடிகட்டும் அந்தக் கருவி அன்றாடத்துக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

வீட்டுக்குப் போன பிறகு

தையல் இல்லாததால் கண் மறுநாளே வெள்ளையாக, வலியில்லாமல் இருக்கும். அதைப் பார்த்து ஆபரேஷனே ஆகாததுபோல் நடந்துகொள்வதுதான் இதில் உள்ள சிக்கல். முதல் வாரம் கண்ணைத் தேய்க்காதீர்கள். தலைக்குக் குளிக்காதீர்கள், கண்ணில் குழாய்த் தண்ணீர் படக் கூடாது. தூங்கும்போது பிளாஸ்டிக் மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். லேசான உறுத்தல் இருக்கலாம். ஆனால் இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை முந்தைய நாளைவிட மங்கினாலோ, இமை வீங்கிச் சிவந்தாலோ, "திங்கட்கிழமை செக்கப் இருக்கே, அப்போ காட்டிக்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், போக வேண்டும். இயற்கை லென்ஸ் இருப்பவர்களுக்கு, குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஒன்றிரண்டு ஆண்டில் புரை வளரும்; அது ஆபரேஷன் கெட்டுப்போனதன் அடையாளம் கிடையாது.

கேஸ் வைத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்று என்றால் ஐந்து முதல் ஏழு நாள், எஸ்எஃப்6 என்ற கேஸ் என்றால் சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 என்ற கேஸ் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் கண்ணில் இருக்கும். எஸ்எஃப்6 20 சதவீதம், சி3எஃப்8 14 சதவீதம் என்ற கலவையில் உள்ளே போன கேஸ் பெரிதாக விரியாது. 50 மி.லி. சிரிஞ்சில் வடிகட்டி வழியாக 10 மி.லி. எஸ்எஃப்6 எடுத்து 40 மி.லி. காற்று சேர்த்தால் 20 சதவீதம்; 7 மி.லி. சி3எஃப்8 எடுத்து 43 மி.லி. காற்று சேர்த்தால் 14. குழாயில் தங்கிய பழைய காற்றை வெளியேற்ற இரண்டு முறை எடுத்துத் தள்ளிவிட்டு மூன்றாவதாக எடுப்பதும், இருவர் அளவை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதும் அவசியம். கலக்காத சி3எஃப்8 உள்ளே நான்கு மடங்கு விரியும். அது ஒரு கண்ணைக் குருடாக்கப் போதும். துளை கசிந்தால் கேஸும் குறையும். மாக்குலா துளைக்காகக் குப்புறப் படுத்த நாட்கள் வீணாகும்.

மல்லாந்து படுக்காதீர்கள், கேஸ் லென்ஸில் அழுத்தும். விமானம் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், மலையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுவார்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் ஏறி இரண்டு மணி நேரத்தில் ஊட்டியில் இறங்கினால், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் சுமார் நான்கில் ஒரு பங்கு விரியும். கண் கல்லாகி, வலி பிடுங்கி, பார்வை இருண்டு போகலாம். மலையில் வீடு இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம், அல்லது கேஸுக்குப் பதில் ஆயில் வைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போனால், மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு தரக்கூடாது என்று சொல்ல வேண்டும்; அது கேஸுக்குள் புகுந்து அதை ஊதிவிடும். கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்ல மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டை இதற்காகத்தான்.

கேஸ் கரைவதை நீங்களே பார்க்கலாம். முதல் சில நாள் கையசைவு மட்டும் தெரியும். பிறகு ஒருநாள் காலையில் பார்வையின் மேல்விளிம்பில் ஒரு கோடு தோன்றும், கொத்தனாரின் ரசமட்டம்போல, தலையை அசைத்தால் ததும்பும். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். கண்ணுக்குள் கேஸ் மேலேதான் மிதக்கிறது. உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுவதால் உங்களுக்குக் கீழே தெரிகிறது. நாளுக்கு நாள் கோடு இறங்கும். கடைசியில் ஒரு சின்ன உருண்டை மட்டும் கீழே உருண்டுகொண்டிருக்கும். அதுவும் மறைந்த பிறகு, டாக்டர் ஒருமுறை விளக்கு வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னதும் பட்டையை வெட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.